தராசு எதை அளக்கிறது?

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டுகிறேன். நிலையம் சுற்றிவரும் சுமார் 400 கி.மீ. உயரத்தில் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் வீரர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டே சுற்றுவதால்தான் அந்த மிதப்பு.

நிறைக்கும் (பொருளின் அளவு) எடைக்கும் (அதை ஈர்ப்பு இழுக்கும் விசை) உள்ள வேறுபாடு அங்கேதான் பளிச்சென்று தெரியும். தராசில் ஏறி நின்றால், தராசும் கூடவே விழுவதால், முள் அசையாது. ஆனால் உடம்பின் நிறை அப்படியே இருக்கிறது. அதை அளக்க, வீரரைச் சுருள்வில் பொருத்திய இருக்கையில் உட்காரவைத்து முன்னும் பின்னும் ஆடவிடுகிறார்கள். நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்திலிருந்து கிலோகிராம் கணக்கு வந்துவிடும். 1973-லேயே அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் இப்படி அளந்தார்கள். என்ன அழகான யோசனை! பள்ளியில் இதைச் சொல்லித் தந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிலோகிராம் நிறைக்கான அலகு, நியூட்டன் விசைக்கான அலகு. எடையும் ஒரு விசைதான். 1 கிலோ நிறையின் எடை இங்கே சுமார் 9.8 நியூட்டன், நிலவில் சுமார் 1.6.

பூமியிலேயே இடத்துக்கு இடம் எடை மாறும். நிலநடுக்கோட்டில் சரிபார்த்த மின்னணுத் தராசை அப்படியே துருவத்துக்கு எடுத்துப்போனால், 1 கிலோ படிக்கல்லை 1,005 கிராம் என்று காட்டும். இரு தட்டுத் தராசில் அந்தப் பிசகு வராது. இரண்டு பக்கமும் ஈர்ப்பு ஒன்றுபோலவே மாறுகிறது.