உறையில் ஆடு, உள்ளே பிளாஸ்டிக்

மூன்று வாரங்கள் நான் குளியலறைத் தரையில் அமர்ந்து, சோப்பு நீரில் கை ஊற ஊற உருட்டிக்கொண்டிருந்தது கம்பளியே அல்ல என்பதைக் கடைசியில் எனக்குச் சொன்னது ஒரு தீக்குச்சி. விற்ற கடைக்காரர் சொல்லவில்லை. உறையின் மேல் சிரித்துக்கொண்டிருந்த செம்மறியாட்டுப் படமும் சொல்லவில்லை.

முதலில் இந்த வேலையில் நான் ஏன் இறங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக் காலாப்பட்டில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு டிசம்பரில் நடக்கவிருந்த நாடகம் ஒன்றில் சிவன் வேடம். வாடகை டோப்பாவைப் போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்தில் தலை அரிக்கிறது என்றும், கம்பளியில் சடைகள் செய்து தன் முடியோடு சேர்த்துப் பின்னிக்கொண்டால் எவ்வளவு ஆடினாலும் விழாது என்றும் சொன்னாள். அவள் காட்டிய முறை எனக்கும் பிடித்திருந்தது. நீளமான ஒரு சடையை நடுவில் மடித்து, வகிடெடுத்துப் பிரித்த முடிக்கற்றையோடு அந்த மடிப்பைச் சேர்த்துப் பின்னிவிட்டால், இரண்டு முனைகளும் தோளில் தொங்கும்; சில வாரங்கள் கழித்துப் பிரித்தெடுத்தால் சொந்த முடியில் ஒன்றைக்கூட வெட்ட வேண்டியதில்லை. ஒரு தலைக்கு இப்படி நாற்பது வேண்டும் என்று கணக்குப் போட்டோம். "சிக்கெடுத்தே என் ஆயுசு போச்சு, நீ காசு குடுத்துச் சிக்கு வாங்குறியாடி?" என்று அம்மா கேட்டார். அன்றைக்கே அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

நேரு வீதியில் இரண்டு கடைகள், பாரதி வீதியில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் இன்னொன்று, மனம் ஆறாமல் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் வேறொன்று என்று ஐந்து இடங்களில் உல்லன் நூல் கேட்டேன். ஐந்து பேரும் "இருக்கு அக்கா" என்றார்கள். ஐந்து பேர் கொடுத்ததும் அக்ரிலிக். பெட்ரோலிய எண்ணெயைச் சுத்திகரிக்கும் தொழிலின் உபபொருளிலிருந்து பிறந்த செயற்கை இழைக்கு நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தைக்குக் குல்லாய் பின்னுகிறவருக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. சொல்லப்போனால் துவைக்க எளிது. ஆனால் அதைச் சடையாக இறுக்க நினைக்கிற ஒருத்திக்கு, அந்த ஒற்றைச் சொல் மூன்று வாரத்தையும், ஆயிரத்து இருநூறு ரூபாயையும், இரண்டு உள்ளங்கைகளின் தோலையும் தின்றுவிடுகிறது.

ஏனென்றால் ஃபெல்ட், அதாவது கம்பளி இழைகளை ஒன்றோடொன்று இறுக்கிக் கெட்டியாக்குவது, ஒட்டுவதோ பின்னுவதோ அல்ல. அது ஆட்டு முடியின் இயல்பு. கம்பளி இழை ஒவ்வொன்றின் மேலும் நாட்டு ஓட்டுக் கூரையைப் போல, நுனியை நோக்கி அடுக்கிய நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரும் காரத்தன்மையுள்ள சோப்பும் பட்டதும் இழை உப்பி, செதில்கள் சற்றே எழும்புகின்றன. அந்த நிலையில் உருட்டித் தேய்த்தால், ஒவ்வோர் இழையும் ஒரு திசையில் மட்டும் நகர்ந்து பக்கத்து இழையோடு கொக்கி போட்டுக்கொண்டு, பிறகு நீங்களே நினைத்தாலும் பிரிக்க முடியாதபடி இறுகிவிடுகிறது. அக்ரிலிக் இழையில் அந்தச் செதிலே கிடையாது. அதை விடிய விடிய உருட்டினாலும், துவண்ட, நுரை பிடித்த நூலாகத்தான் கிடக்கும். உலர்ந்ததும் ஒவ்வோர் இழையாகக் கழன்றுவிடும். நானோ என் கைப்பக்குவம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, நீரை இன்னும் சூடாக்கினேன், சோப்பை இன்னும் சீவிப் போட்டேன், மூங்கில் பாயில் வைத்து நூறு தரம் உருட்டியதை முந்நூறாக்கினேன். நூல் பொய்யென்று ஒருவர் சொல்லியிருந்தால், முதல் நாளே எழுந்து குளித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

தீக்குச்சிச் சோதனையை இதற்குப் பிறகுதான் கற்றேன். உண்மையான கம்பளியைக் கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை விலக்கியதும் தானாக அணையும், மிச்சம் விரலில் வைத்துத் தேய்த்தால் பொடியாகும். என் ஐந்து கடை நூல்களும் சட்டென்று பற்றிக்கொண்டு, உருகிச் சொட்டி, ஆறியதும் மிளகளவு கறுப்பு மணிகளாக இறுகின. நகத்தால் உடைக்க முடியவில்லை. சமையலறை முழுதும் பிளாஸ்டிக் எரிந்த வாடை.

ஆற்று வெள்ளத்தில் கம்பளி மூட்டை மிதந்து வருகிறது என்று குதித்தவன் கரடியிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். அவனுக்காவது உரோமம் உள்ள ஒன்று கைக்கு அகப்பட்டது.

அப்படியென்றால் உள்ளூர் ஆட்டின் உரோமத்தையே வாங்கலாமே என்று எனக்கு யோசனை சொன்ன அறிவாளிகளுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். கடலூர், விழுப்புரம் பக்கம் மேய்கிற மெட்ராஸ் சிவப்பு ஆடு இறைச்சிக்கு வளர்க்கப்படுவது. அதன் உடம்பில் இருப்பது கரடான முடி, மென்கம்பளி இல்லை. தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி தருகிற ஆடு நீலகிரி ஆடு. மெரினோ என்னும் மென்கம்பளி ஆட்டின் இரத்தம் கலந்த அந்த இனத்தைக் காப்பதற்கென்றே ஊட்டிக்கு அருகில் சாண்டிநல்லாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோயம்புத்தூர்க் குறும்பை ஆட்டின் கம்பளியோ போர்வைக்கு ஏற்றது. கழுத்தில் பட்டால் நெருஞ்சி முள் போலக் குத்தும். ஒருகாலத்தில் பருத்தி ஆலைகளால் பெயர் பெற்றிருந்த, வருடத்தில் ஒரு நாள்கூட ஸ்வெட்டர் தேவைப்படாத புதுச்சேரியில் கம்பளி கிடைக்காதது ஊரின் குற்றம் இல்லை. கிடைக்காததைக் கிடைப்பதாகச் சொல்லி விற்பதுதான் என் வயிற்றெரிச்சல். "எங்ககிட்ட இருக்கிறது அக்ரிலிக்குதான் அக்கா" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

பிறகு தபாலில் வரவழைத்தேன். முதல் பொட்டலம் கலப்பில்லாத மெரினோதான். தீக்குச்சிச் சோதனையிலும் தேறியது. ஆனாலும் இறுகவில்லை. உறையின் ஓரத்தில் எறும்பெழுத்தில் "இயந்திரத்தில் துவைக்கலாம்" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததை நான் பெருமையாக எண்ணியிருந்தேன். இயந்திரத்தில் சுருங்காமல் இருப்பதற்காக, குளோரின் கொண்டு செதில்களைத் தேய்த்து, மேலே ஒரு பூச்சும் பூசிவிடுகிற சூப்பர்வாஷ் கம்பளி அது. இறுகும் குணத்தை ஆலையிலேயே பிடுங்கிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். நல்ல பாம்பைப் பல் பிடுங்கி விற்பது போன்ற வியாபாரம். பல் பிடுங்கியது என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டால் என்னவாம்?

இரண்டாவது பொட்டலத்தில், நூலாக முறுக்காத, சீவிய பட்டையாக வருகிற மெரினோ வந்தது. இழை சுமார் இருபது மைக்ரான் தடிமன். கையில் எடுத்தால் மேகம் போலிருந்தது. அதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. கேட்பதற்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே!

உண்மைக் கம்பளி கைக்கு வந்த பிறகு எனக்குக் காணொளிக்காரர்கள் மேல் கோபம் வந்தது. "வெந்நீர், சோப்பு, உருட்டுங்கள், சடை தயார்" என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்களே, பட்டையைக் கத்தரியால் வெட்டக் கூடாது, கையால் இழுத்துப் பிரித்தால்தான் நுனி கூராக இறுகும் என்று அவர்களில் யார் சொன்னது? தொடக்கத்திலேயே அழுத்தி உருட்டினால் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே பஞ்சாகவே நின்றுவிடும், ஆகையால் முதல் சில நிமிடங்கள் பச்சைக் குழந்தையின் தலையைத் தடவுவது போலத்தான் தொட வேண்டும் என்பதை நான் ஆறு சடைகளைப் பாழாக்கித் தெரிந்துகொண்டேன். அந்த ஆறையும் நடுவில் நறுக்கிப் பார்த்தேன். வெளியே முருங்கைக்காய், உள்ளே இலவம்பஞ்சு. நூற்று முப்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுத்த பட்டை தொண்ணூறாகச் சுருங்கும் என்பதையும் ஒருவர் வாய் திறந்து சொல்லவில்லை. தோளுக்குக் கீழே தொங்க வேண்டிய சடை காதோரத்தில் ஆடியபோது என் அண்ணன் மகள் சிரித்தாளே தவிர, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்குள் நவம்பர் வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் முத்தியால்பேட்டையில் உள்பாவாடையே மூன்று நாள் காய்வதில்லை. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ முப்பது சதவீத ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் உலர்ந்தது போலவே நடிக்கும். காய்ந்துவிட்டது என்று நம்பி மடித்து வைத்த நான்கு சடைகளைப் பிரித்தபோது, ஈர ஆட்டு மந்தைக்குள் நின்றது போலொரு வாடை அடித்தது. மறுபடி அலசி, சோப்பின் காரம் போக நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து முக்கியெடுத்து, மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். இரவு தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா அந்தக் கொடியைப் பார்த்துப் பாம்பென்று அலறியதை அக்கம்பக்கத்தில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நாற்பதில் பதினொன்று தேறின. பதினொன்றை வைத்துக்கொண்டு சிவனின் தலையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்ப முடியாது. ஆகவே மேடைக்கு அந்த வாடகை டோப்பாதான் போனது. அவள் தாண்டவத்தின் நடுவே இரண்டு முறை தலையைச் சொறிந்ததை முன்வரிசையில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன்.

பொறுக்க முடியாமல், அந்தக் கறுப்பு மணிகளைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு, நேற்று மாலை நேரு வீதியின் முதல் கடைக்கே போனேன். மீந்திருந்த நான்கு உருண்டைகளையும் உறையோடு மேசையில் வைத்து, இது கம்பளி இல்லை என்று தெரிந்தேதான் விற்றீர்களா என்று கேட்டேன். அவர் உறையைத் திருப்பி, ஆட்டுப் படத்தைக் காட்டி, "உல்லன்னுதானே அக்கா போட்டிருக்கு" என்றார். நான் தீப்பெட்டியைத் திறந்து மணிகளை அவர் முன்னால் கொட்டினேன். அவர் அவற்றில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "கொளுத்தின சரக்கை நாங்க திருப்பி எடுக்கிறதில்ல அக்கா" என்றார்.