ஸபர் மாதத்தில் நிக்காஹ் கூடாதா?

இஸ்லாமிய ஆண்டின் இரண்டாம் மாதமான ஸபர் பீடை மாதம், அதில் நிக்காஹ் (திருமணம்) செய்வதை மார்க்கம் தடுத்துள்ளது என்று சகோதரர் எழுதியிருப்பது சரியன்று. நமது கண்டிப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் ஸபரின் கடைசிப் புதன்கிழமையான ஒடுக்கத்துப் புதனுக்கு அஞ்சும் வழக்கம் இருந்தது உண்மையே. ஆனால் சகுனம் பார்ப்பதையும் ஸபர் பற்றிய நம்பிக்கையையும் நபி (ஸல்) அவர்கள் மறுத்துரைத்த ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்புகள் இரண்டிலும் உண்டு. அன்றைய அரபிகள் ஷவ்வால் மாதத்தில் மணமுடிப்பதை அபசகுனமாகக் கருதியிருந்தும், நபியவர்கள் தம்மை மணந்ததும் தம்முடன் இல்லறம் தொடங்கியதும் அதே ஷவ்வாலில்தான் என்று நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரழி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். மார்க்கம் தடுத்த நிக்காஹ்கள் வேறு: இத்தாவில், அதாவது கணவரின் மரணத்துக்கோ மணவிலக்குக்கோ பின் காத்திருக்கும் காலத்தில், இருக்கும் பெண்ணை மணக்க முடியாது. ஷாபிஈ மத்ஹப் என்ற சட்டப் பிரிவின்படி இஹ்ராமில், அதாவது ஹஜ், உம்ரா யாத்திரைக்கான கட்டுப்பாட்டு நிலையில், இருப்பவரின் நிக்காஹ் செல்லாது. இவை சகுனத்தால் வந்த தடைகள் அல்ல. மண்டபம் கிடைத்த திகதி ஸபரில் விழுந்தது என்பதற்காக ஒரு பிள்ளையின் நிக்காஹைத் தள்ளிவைக்குமாறு தயவுசெய்து எவருக்கும் சொல்லாதீர்கள்.