வேலையை விடும் முன் மாதக் கணக்கைப் போடுங்கள்

பிடிக்காத வேலையை விடலாமா என்று கேட்டால் இரண்டே பதில்கள்தான் வரும். "துணிஞ்சு விட்டுடு, எல்லாம் தானா அமையும்." இல்லையென்றால், "கையில இருக்கிற வேலையை யாராவது விடுவாங்களா?" இரண்டுமே துணிச்சலைப் பற்றிய பேச்சு. என் கேள்வி வேறு. விட்ட பிறகு முதலில் வரும் வேலை பிடிக்கவில்லை என்றால், அதை மறுத்துவிட்டு எத்தனை மாதம் உங்களால் காத்திருக்க முடியும்?

விலகியவர்கள் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கையிருப்பு கரையக் கரைய, எது கிடைத்தாலும் சரி என்ற நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அப்புறம் அதே மாதிரி இன்னொரு அலுவலகம், அதே மாதிரி இன்னொரு மேலாளர். அவர்கள் விலகியது தவறே இல்லை. தேடுவதற்குப் போதுமான காலம்தான் அவர்களிடம் இல்லை.

"வேலையில் இருந்துகொண்டே தேடு" என்பது நல்ல யோசனைதான், தேடுவதற்குத் தெம்பு மிச்சமிருந்தால். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் 'பர்ன் அவுட்' நிலைக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையின் மீது விலகலும் கசப்பும் வருவது, தன் திறன் குறைந்துவிட்டதாக உணர்வது. இதை நோய் என்று அது சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்றுதான் சொன்னது. மூன்றாவதுதான் மிகக் கொடியது என்பேன். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற நினைப்போடு நேர்காணலுக்குப் போகிறவர் தன் மதிப்பைத் தானே குறைத்துச் சொல்வார். நான் அந்த நிலையில் இருந்தபோது மாலையில் என் பயோடேட்டாவைத் திறந்து பார்க்கக்கூட மனம் வரவில்லை. அடுத்த வேலை கையில் இல்லாமலேதான் விலகினேன். அது சரியான முடிவு என்று இன்றும் சொல்வேன்.

பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டிப் பார்க்க வைத்து ஓர் ஆய்வு செய்தார். வேலையை விடுவது போன்ற பெரிய கேள்விகளில், மாற்றத்தைத் தேர்ந்தவர்களே ஆறு மாதம் கழித்து அதிக மகிழ்ச்சியோடு இருந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் விடலாமா வேண்டாமா என்று நடுவில் நின்றவர்கள். கடன் கழுத்தை நெரிக்கிறவருக்கு இதைச் சொல்லி ஊக்கம் கொடுப்பது அநியாயம்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. வேலையில்லாத காலம் நீள நீள நேர்காணல் அழைப்புகள் குறைந்தன, அதுவும் முதல் எட்டு மாதங்களுக்குள் வேகமாக. அதனால் ஓய்வுக்கு எவ்வளவு காலம், தேடலுக்கு எவ்வளவு காலம் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். சொந்தத் தொழில்தான் ஆசை என்றால், வேலையில் இருந்தபடியே சிறிதாகத் தொடங்கிப் பார்த்துவிட்டு வெளியே வருவது மேல்.

இன்னொன்று. வெறுப்பது வேலையையா, அந்த இடத்தையா? கணக்கு எழுதுவது பிடிக்கும், ஆனால் திட்டிக்கொண்டே இருக்கும் மேலாளர் பிடிக்காது என்பவர் துறையை மாற்ற வேண்டியதில்லை. அந்த மேலாளர் இல்லாத நாளில் வேலை எப்படி இருந்தது என்று யோசித்தாலே பாதி தெரிந்துவிடும்.

வேலை தேடுபவரின் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தினமும் "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். வந்தால் அவரே முதலில் உங்களிடம்தான் சொல்வார். மாதச் செலவில் எதைக் குறைக்கலாம் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அதில் மிச்சமாகும் ஒவ்வொரு மாதமும் அவர் தேடுவதற்குக் கிடைக்கும் மாதம்.