கருப்பு வால்நட் மரத்தருகே பெர்ரிச் செடி வளராதா?

"கருப்பு வால்நட் மரம் நிற்கும் தோட்டத்தில் எந்த பெர்ரிச் செடியும் பிழைக்காது, மரத்தை வெட்டிவிட்டுத்தான் நட வேண்டும்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு. இதை நம்பி யாரும் நல்ல மரத்தில் கோடரி வைத்துவிடக் கூடாது.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிதான் இந்த மரத்தின் சொந்த மண். அங்கே இதன் அடியிலேயே கருப்பு ராஸ்பெர்ரி தானாக முளைத்துக் காய்க்கிறது. எல்டர்பெர்ரியும் தாக்குப்பிடிக்கும்.

பயத்துக்குக் காரணம், இந்த மரத்தில் உண்டாகி மற்றச் செடிகளை வாட்டக்கூடிய ஜக்லோன் என்ற பொருள். பச்சைக் காயின் தோலைக் கீறிப் பாருங்கள். வெளிறிய சதை காற்றுப் பட்டதும் பழுப்பாகும், விரலில் படிந்த கறை பல நாள் போகாது. மரத்துக்குள் நிறமற்று இருக்கும் ஹைட்ரோஜக்லோன் இப்படிக் காற்றுப் படும்போதுதான் ஜக்லோனாக மாறுகிறது. காய்த்தோலிலும் வேரிலும் அது அதிகம், இலையில் குறைவு. தண்ணீரில் எளிதில் கரையாததால் மண்ணில் வெகுதூரம் பரவாது.

சரி, பயம் முழுக்கப் பொய்யா? இல்லை. வால்நட் வேரருகே தக்காளி வாடுவதை 1925-இல் மாசி என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். புளூபெர்ரியும் ஜக்லோனைத் தாங்காத செடி என்றே தோட்டக்கலைப் பட்டியல்கள் சொல்கின்றன. ஆனால் புளூபெர்ரிக்கு 4.5 முதல் 5.5 வரை பிஎச் உள்ள அமில மண் வேண்டும். வால்நட் செழிக்கும் மண் பெரும்பாலும் அப்படி இருக்காது. நிழலும் தண்ணீர்ப் போட்டியும் வேறு. எல்லாப் பழியையும் ஜக்லோன் மேல் போட முடியாது.

அப்புறம், மரத்தை வெட்டினாலும் வேர் மட்கும்வரை ஜக்லோன் மண்ணில் இருக்கும். அதைவிட, புளூபெர்ரியைப் பெரிய தொட்டியில் அமில மண் நிரப்பி, மர நிழலுக்கு வெளியே வையுங்கள். உதிர்ந்த காய்களை அவ்வப்போது அள்ளிவிடுங்கள்.