முதல் கேமை யாருக்காக வாங்குகிறீர்கள்?

போன வாரம் தம்பி திருப்பூரிலிருந்து இரவு 10 மணிக்கு அழைத்தான். மூன்று வருடமாக வாங்கணும் வாங்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்த பிஎஸ்5-ஐ, அதாவது டிவியில் இணைத்துக் கேம் ஆடும் சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோலை, ஒருவழியாக வாங்கிவிட்டான். டிஸ்க் போடும் மாடல்தான். குரலில் அத்தனை சந்தோஷம். "ணா, வாட்ஸ்அப்ல லிஸ்ட் அனுப்பியிருக்கேன், பார்த்துட்டுச் சொல்லு, இன்னைக்கே ஆர்டர் போட்டுடறேன்" என்றான். பார்த்தேன். எல்டன் ரிங், விட்சர் 3, ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2, பால்டர்ஸ் கேட் 3, காட் ஆஃப் வார் ரக்னராக், சைபர்பங்க் 2077, கூடவே ஒரு கால் ஆஃப் டூட்டி. மொத்தம் ஏழு. யூடியூபில் யாரோ போட்ட டாப் 10 வீடியோவிலிருந்து எடுத்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. எல்லாமே நல்ல கேம்கள், ஒன்றைக்கூட மோசம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனாலும் இன்றைக்கு எதையும் ஆர்டர் போடாதே என்று சொன்னேன். ஏன் என்று அரை மணி நேரம் பேசினேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் கன்சோல் வாங்கிய கையோடு இப்படிப் பணத்தைக் கொட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

தம்பி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வீட்டுக்கு வர எட்டரை ஆகும், ஷிப்மென்ட் இருக்கும் நாளில் பத்தும் ஆகும். சாப்பிட்டு, பாப்பாவோடு கொஞ்ச நேரம் பேசி, அவளைத் தூங்கவைத்த பிறகு அவனுக்கென்று மிஞ்சுவது ஒரு மணி நேரம், அதுவும் எல்லா நாளும் கிடையாது. விட்சர் 3-இல் முக்கியக் கதையை மட்டும் முடிக்கவே 50 மணி நேரம் வேண்டும். ரெட் டெட் 2-ம் ஏறக்குறைய அதே அளவு. எல்டன் ரிங்கும் பால்டர்ஸ் கேட் 3-ம் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். இந்த நான்கே 200 மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஒருநாள் விடாமல் ஆடினாலும் ஏழு மாதம், அதற்குள் எத்தனை ஆஃபர் வந்து போயிருக்கும்! இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, முதலில் வந்த பிஎஸ்5-இல் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் கேம்களுக்குக் கிடைப்பது 667 ஜிபிதான். ரெட் டெட், பால்டர்ஸ் கேட், கால் ஆஃப் டூட்டி மூன்றும் ஆளுக்கு 100 ஜிபிக்கு மேல் கேட்கும். ஏழையும் ஒன்றாக ஏற்றினால் மெஷினுக்கு மூச்சு முட்டும். அப்புறம் ஒன்றை அழித்து இன்னொன்றை ஏற்றி, அதற்கு அப்டேட் இறங்கும்வரை உட்கார்ந்திருந்து, கிடைக்கும் அந்த ஒரு மணி நேரமும் டவுன்லோட் பார்ப்பதிலேயே போய்விடும்.

ஆனால் நேரமும் இடமும் சின்ன விஷயங்கள். நான் தம்பியிடம் கேட்டது வேறு. "டிவி எங்கடா இருக்கு?" ஹாலில்தான் இருக்கிறது, நம் வீடுகளில் பெரும்பாலும் அங்கேதானே இருக்கும். அந்த ஹாலில் அம்மா இருக்கிறார், தம்பி மனைவி இருக்கிறாள், ஏழு வயதுப் பாப்பா இருக்கிறாள். போனில் ஆடுகிற கேம் மாதிரி இது ஒருத்தர் கைக்குள் அடங்குகிற பொருள் இல்லை. தலையை வெட்டி ரத்தம் தெறிக்கும் கேமை அவன் போட்டால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார், பாப்பாவை உள்ளே அனுப்ப வேண்டியிருக்கும். பத்து நாளில் அந்தக் கன்சோல் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சலாகிவிடும். நான் பார்த்தவரை வாங்கின கன்சோல் தூசி படிந்து கிடக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். முதலில் வாங்கும் கேம் ஹாலில் இருக்கிற இன்னொருவரையும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

சரி, எதில் தொடங்குவது? காசு கொடுக்காமலே தொடங்கலாம். ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் என்று ஒரு கேம் பிஎஸ்5-க்குள்ளேயே இருக்கிறது, இலவசம். டெமோ என்று நினைத்துப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை, எவ்வளவு பெரிய இழப்பு! போன பொங்கலுக்கு அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தபோது கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்து அந்தக் குட்டி ரோபோவை நடக்கவிடச் சொன்னேன். அம்மாவுக்கு 63 வயது, இதற்குமுன் அதைத் தொட்டதுகூட இல்லை. ரோபோ மணலில் நடந்தால் கன்ட்ரோலர் அதிர்ந்து கைக்குள் ஒரு மாதிரி நரநரவென்று தெரியும், கண்ணாடித் தரையில் டிக் டிக் என்று வேறு மாதிரி. மழை பெய்கிற இடத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிட்டார். கன்ட்ரோலரைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், திரும்ப மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, தகரக் கொட்டாயில தூறல் விழற மாதிரியே இருக்கு" என்றார். ரோபோ நகரவே இல்லை, இரண்டு மூன்று நிமிடம் அப்படியே மழையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 5,000 ரூபாய் கொடுத்து வாங்கிய எந்தக் கேமும் எனக்கு அப்படி ஒரு சாயங்காலத்தைத் தந்ததில்லை. இதே ரோபோவை வைத்து 2024 செப்டம்பரில் வந்த முழு கேம்தான் ஆஸ்ட்ரோ பாட், அந்த வருட கேம் அவார்ட்ஸில் சிறந்த கேம் விருது வாங்கியது. பாப்பாவுக்கு அதை ஆஃபரில் பார்த்து வாங்கிக்கொள் என்றேன்.

காசு கொடுத்து வாங்கும் முதல் கேம் என்றால் இட் டேக்ஸ் டூ, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஜோசப் ஃபாரஸ் இயக்கியது, 2021-இல் வந்து அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை வாங்கியது. இதைத் தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். விவாகரத்துக்குத் தயாராகிவிட்ட ஒரு தம்பதி, மகளுடைய அழுகையால் குட்டிப் பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள், சேர்ந்து வேலை செய்தால்தான் திரும்ப மனிதர்களாக முடியும். ஓரிடத்தில் கணவன் கையில் ஆணி, மனைவி கையில் சுத்தியல். அவன் எறிந்து சுவரில் பதிக்கும் ஆணியில் சுத்தியலை மாட்டித் தொங்கித்தான் அவள் அந்தப் பக்கம் தாவ முடியும். ஒருவர் அவசரப்பட்டால் இன்னொருவர் கீழே விழுவார். நானும் என் மனைவியும் மூன்று வாரம் ஆடினோம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் அவ்வளவு சத்தமாகச் சிரித்தது, கத்தியது எல்லாம் அப்போதுதான். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நடுவில் ஒரு யானைப் பொம்மை வரும் காட்சி இருக்கிறது, அது கெஞ்சக் கெஞ்ச இழுத்துப் போவார்கள். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அந்தப் பகுதியை அவர்கள் தூங்கிய பிறகு ஆடுங்கள்.

தனக்கென்று ஒன்று வேண்டாமா என்று தம்பி கேட்டான். கண்டிப்பாக வேண்டும். ரக்னராக்கை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பாகமான, 2018-இல் வந்த காட் ஆஃப் வாரை முதலில் ஆடச் சொன்னேன். அப்பன் மகன் கதை, நடுவிலிருந்து நுழைந்தால் பாதி உணர்ச்சி போய்விடும். முந்தைய கன்சோலான பிஎஸ்4-க்கு வந்த கேம்தான், ஆனால் பிஎஸ்5-இல் வழுவழுவென்று ஓடும். பெரும்பாலான பிஎஸ்4 டிஸ்க்குகள் பிஎஸ்5-இல் வேலை செய்யும் என்பதே நிறையப் பேருக்குத் தெரியவில்லை. செகண்ட் ஹேண்டில் நான் அந்த டிஸ்க்கை 900 ரூபாய்க்கு வாங்கி, ஆடி முடித்து 700-க்குக் கொடுத்துவிட்டேன். வாங்கும்போது டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு கடையில் அவசரத்தில் பார்க்காமல் வாங்கி, வீட்டுக்கு வந்தால் வட்டமாக ஒரு கீறல், மெஷின் எடுக்கவே இல்லை. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. சோனியின் ஆன்லைன் ஸ்டோரில் டவுன்லோட் செய்து வாங்கும் டிஜிட்டலில் இந்தத் தலைவலி இல்லை, ஆனால் விற்கவும் முடியாது, டவுன்லோட் தொடங்கிவிட்டால் ஸ்டோரில் பணம் திரும்ப வாங்குவதும் கஷ்டம். அதனால் கதை கேம்களுக்கு டிஸ்க், வருடக்கணக்கில் ஆடப்போகிற கேமுக்கு டிஜிட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. அன்சார்ட்டட் லாஸ்ட் லெகசி. கதை மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிறது, ஜீப் ஓட்டிக்கொண்டு சேற்றிலும் அருவியிலும் போகலாம், தேடுவது ஹொய்சளர்களின் புதையல், பிள்ளையாரின் உடைந்த தந்தம். நம் பக்கத்தில் போசளர்கள் என்று சொல்கிறவர்கள்தான், சமயபுரம் பக்கத்தில் கண்ணனூரில் இருந்தும் ஆண்டவர்கள். அவர்கள் தலைநகராக இருந்த ஹளேபீடு போய் அந்தக் கல் சிற்பங்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, கேமில் காட்டும் பிரம்மாண்டமெல்லாம் கற்பனை என்று தெரியும், ஆனாலும் சிலிர்ப்பு குறையாது. 2022-இல் அன்சார்ட்டட் 4-உம் இதுவும் சேர்ந்து ஒரே தொகுப்பாக பிஎஸ்5-க்கு வந்தது. லாஸ்ட் லெகசி ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், தம்பி மாதிரி ஆட்களுக்கு அளவான கேம்.

கேம் வெளிவரும் முன்பே பணம் கட்டும் பிரீ-ஆர்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். சைபர்பங்க் 2077-க்கு என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பர் 10-ஆம் தேதி வெளியானது, பிஎஸ்4-இல் ஓட முடியாமல் திணறியது, ஒரே வாரத்தில் சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது. திரும்ப வந்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு அது அருமையான கேம். அதுவரை பொறுத்திருந்து வாங்கியவர்களுக்குக் குறைந்த விலையில் நல்ல கேம் கிடைத்தது, முதல் நாளே முழு விலை கொடுத்தவர்களுக்குப் பிழைகள் கிடைத்தன. தம்பியின் லிஸ்டில் இதுவும் இருந்தது, இப்போது தாராளமாக ஆடலாம், அவசரம் இல்லை.

பாப்பா தொடும் வீடு என்பதால் அவளுக்குத் தனியாகக் குழந்தைக் கணக்கு தொடங்கச் சொன்னேன், செலவு வரம்பைப் பூஜ்யத்தில் வைக்கச் சொன்னேன். ஃபோர்ட்நைட் மாதிரி கேம்கள் இலவசம்தான், உள்ளே போன பிறகு சட்டை, டான்ஸ் என்று எல்லாவற்றையும் விற்பார்கள்.

கடைசியில் தம்பி இரண்டாவது கன்ட்ரோலர், இட் டேக்ஸ் டூ, 900 ரூபாய்க்குப் பழைய காட் ஆஃப் வார் டிஸ்க் ஒன்று, இவ்வளவுதான் வாங்கினான். நேற்று ராத்திரி போன் வந்தது, எடுத்தால் பேசியது அவன் மனைவி. "மாமா, உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, ஆணியை ஒழுங்கா எறியவே மாட்டேங்கறார், நாலு தடவை விழுந்துட்டேன்." பின்னாலிருந்து அவன் ஏதோ கத்துகிறான், அம்மா சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அவசரமாக வைத்துவிட்டாள், அவள் முறை வந்துவிட்டதாம்.