முகமூடி கேட்ட அக்கா மகனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் ஆவடியிலிருந்து வந்திருந்தான். கல்லூரி மூன்றாம் வருடம். ராப் பண்ணுகிறான். யூடியூபில் மூன்று பாட்டு போட்டிருக்கிறான், மூன்றுக்கும் சேர்த்துப் பார்வைகள் இன்னும் ஆயிரத்தைத் தொடவில்லை, அதிலும் ஒரு நூறு நான் ஒருத்தனே பார்த்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவன், "மாமா, இனிமே முகமூடி போட்டுக்கிட்டுப் பாடலாம்னு இருக்கேன்" என்றான். ஏன்டா என்றேன். "முகம் தெரியலன்னா ஆளு யாருன்னு தேடுவாங்கல்ல. எம்எஃப் டூம் மாதிரி."

எம்எஃப் டூம், அமெரிக்காவில் முகமூடி போட்டுக்கொண்டு ராப் பாடியவர். அவன் வாயில் அந்தப் பெயர் வந்ததில் ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் வயிற்றெரிச்சல். டூம் பாட்டு எத்தனை கேட்டிருக்கிறாய் என்று கேட்டேன். ரீல்ஸில் இரண்டு மூன்று கேட்டானாம். அதற்குள் அக்கா போன் பண்ணி அவனைக் கிளம்பச் சொல்லிவிட்டாள், நானும் சொல்ல நினைத்ததைப் பாதியில் விட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம். 'அண்டர்கிரவுண்டு' (பெரிய பாட்டுக் கம்பெனி, சினிமா பக்கம் போகாதவர்கள்) என்ற வார்த்தையை நம் பையன்கள் ஒரு பட்டம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்த ஆள் ஒரு படத்தில் ஒரு பாட்டு பாடிவிட்டால் போதும், விலைபோய்விட்டான் என்று கமெண்ட் போடுகிறார்கள். அந்தப் பேச்சில் எல்லாம் டூம் பெயர் வந்துவிடுகிறது, கம்பெனிகளை உதறிவிட்டு இருட்டைத் தேர்ந்தெடுத்த மகான் என்று. அவர் எதையும் உதறவில்லை. அவரைத்தான் உதறினார்கள்.

சொந்தப் பெயர் டேனியல் டூமிலே. 1971-ல் லண்டனில் பிறந்தவர், அம்மா டிரினிடாட்காரர், அப்பா ஜிம்பாப்வேகாரர். சின்னப் பிள்ளையாகவே நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுக்குக் குடிவந்த குடும்பம். இந்த லண்டன் விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும். தம்பியோடு சேர்ந்து கேஎம்டி என்று ஒரு குழு. தம்பி மேடைப்பெயர் டிஜே சப்ராக், இவர் பெயர் அப்போது செவ் லவ் எக்ஸ். 1989-ல் தேர்ட் பேஸ் என்ற குழுவின் ஒரு பாட்டில் இவர் தலை காட்ட, அதை வைத்து எலக்ட்ரா என்ற பெரிய கம்பெனியில் இடம் கிடைத்தது. 1991-ல் முதல் ஆல்பம், 'மிஸ்டர் ஹூட்'. முகம் தெரிய, சிரித்துக்கொண்டு, டிவியில் வந்த பையன். அக்கா மகனே, கவனி: அப்போது முகமூடி கிடையாது.

1993 ஏப்ரலில் தம்பி சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்துபோனான். 19 வயது. இரண்டாவது ஆல்பம் ஏறக்குறைய முடிந்திருந்த நேரம். அண்ணன் அதைத் தனியாக உட்கார்ந்து முடித்தார். அட்டைப்படமும் அவரே வரைந்தார். கறுப்பர்களைக் கேலி செய்ய வெள்ளைக்காரர்கள் நெடுங்காலம் போட்ட சாம்போ என்ற பொம்மை உருவம் இருக்கிறதே, தடித்த உதடும் முழித்த கண்ணுமாக, அதைத் தூக்கில் மாட்டி வரைந்திருந்தார். அந்தக் கேலிச்சித்திரம் சாகட்டும் என்பதுதான் படம். சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் இசை வியாபாரப் பத்திரிகை ஒன்றில் இந்த அட்டையைத் திட்டி ஒரு பத்தி வந்தது, மேலிடம் பயந்தது, 1994 ஏப்ரலில் ஆல்பத்தை நிறுத்திக் குழுவையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். தம்பி போய்ச் சரியாக ஒரு வருடம். தம்பியின் கடைசி வேலை முழுவதும் அந்த டேப்பில் இருந்தது. அது முறையாக வெளிவர 2000-த்தை ஒட்டி ஆனது.

அதற்குப் பிறகு மூன்று வருடம் ஆள் எங்கே என்றே தெரியாது. மன்ஹாட்டன் தெருக்களில் சுற்றியதையும், கிட்டத்தட்ட வீடில்லாமல் பெஞ்சில் தூங்கியதையும் பின்னால் அவரே பேட்டிகளில் சொன்னார். இதுதான் அந்த 'அண்டர்கிரவுண்டு'. ஹூடி போட்டுக்கொண்டு சுவர் ஓவியத்துக்கு முன்னால் போட்டோ எடுப்பது அல்ல.

1997-ல் நியூயார்க்கில் நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபே என்ற இடம். கவிதை வாசிப்பார்கள், யார் வேண்டுமானாலும் மைக் பிடிக்கலாம். அங்கே ஒருவர் பெண்கள் காலில் போடும் ஸ்டாக்கிங்கைத் தலைவழியாக இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு வந்து பாடினார். ஒருகாலத்தில் டிவியில் வந்த அதே பையன். உலோக முகமூடியெல்லாம் அப்புறம் வந்தது. மார்வெல் காமிக்ஸில் டாக்டர் டூம் என்று ஒரு வில்லன் உண்டு, முகம் சிதைந்து, இரும்புக்குள் ஒளிந்து, உலகத்தைப் பழிவாங்கத் திரும்பி வருகிறவன். அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். ஆளைப் பார்க்காதே, பாட்டைக் கேள் என்பதற்காகத்தான் முகமூடி என்று அவர் பல தடவை சொன்னதுண்டு. சரிதான். ஆனால் எனக்கு அதில் பாதிதான் பிடிபடுகிறது. ஒரே மேடையில் பக்கத்தில் தம்பியோடு நின்று பழகியவன், தனியாக அதே முகத்தோடு எப்படிப் போய் நிற்பான்? இது என் ஊகம்தான், விடுங்கள்.

முதல் தனி ஆல்பம் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே', 1999. வெளியிட்டது பாபிட்டோ கார்சியா என்ற ரேடியோ ஆள் நடத்திய ஃபாண்டில் எம் என்ற குட்டிக் கம்பெனி. பெரிய விளம்பரம் எதுவும் இல்லை, வாய்வழியாகப் பரவியது.

இனி தொழில் ரகசியத்துக்கு வருவோம், என் அக்கா மகன் படிக்க வேண்டிய இடம் இதுதான். 2003, 2004 இரண்டே வருடத்தில் இந்த மனிதர் ஐந்து ஆல்பம் கொடுத்தார். நான்கு பெயரில். ஐந்து வெவ்வேறு கம்பெனியில். கிங் கீடோரா என்ற பெயரில் மூன்று தலை விண்வெளி அரக்கன், விக்டர் வான் என்ற பெயரில் வாய்த்துடுக்கான இளவட்டம், தயாரிப்பாளர் மேட்லிப்போடு ஜோடி சேர்ந்தபோது மேட்வில்லன், சொந்தப் பெயரில் 'எம்எம்..ஃபுட்' (எம்எஃப் டூம் என்ற எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் அந்தத் தலைப்பு வரும், முழுக்கச் சாப்பாட்டுச் சமாசாரம்). ஆளுக்கொரு குணம், ஆளுக்கொரு குரல். ரசிகர்கள் இதைக் கற்பனை வளம் என்கிறார்கள், அது உண்மை. ஆனால் கணக்குப் பார்க்கிற என் கண்ணுக்கு வேறொன்றும் தெரிகிறது. எலக்ட்ராவில் ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைத்து உடைத்துக்கொண்டவர், அதற்குப் பிறகு எந்தக் கம்பெனிக்கும் தன்னை முழுசாக எழுதிக்கொடுக்கவில்லை. பாட்டில்லாமல் வெறும் இசையை மெட்டல் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் 'ஸ்பெஷல் ஹெர்ப்ஸ்' வரிசையாக விற்றார். அதில் இருக்கும் இசையில் பல துண்டுகள் அவருடைய ஆல்பங்களிலும் வரும், மற்றவர்கள் ஆல்பத்திலும் வரும். ஒரே மாவு, காலையில் இட்லி, ராத்திரி தோசை, புளித்த பிறகு ஊத்தப்பம். சின்ன வருமானத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்தக் கெட்டிக்காரத்தனம் புரியும்.

அந்த ஐந்தில் ஒன்றுதான் 'மேட்வில்லனி'. 2004 மார்ச். 22 பாட்டு, 46 நிமிடம், பெரும்பாலானவற்றில் பல்லவியே கிடையாது. ஆரம்பித்தால் ஆரம்பித்தது, சொல்ல வந்தது முடிந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். மேட்லிப் பிரேசில் போயிருந்தபோது ஹோட்டல் அறையில் கையடக்க ரெக்கார்டு பிளேயரும் ஒரு சின்ன சாம்ப்ளரும் (பழைய பாட்டிலிருந்து துண்டு எடுத்து ஒட்டும் கருவி) வைத்துக்கொண்டு அங்கே வாங்கிய பழைய ரெக்கார்டுகளிலிருந்து சில பாட்டுக்கு இசை செய்தார். அப்புறம் கூத்தைக் கேளுங்கள், பாதி முடிந்த டேப் திருட்டுப் போய், ஆல்பம் வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே இணையத்தில் ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரும் வெறுத்துப்போய் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது டூம் தன் குரல்களைத் திரும்பப் பதிவு செய்தார். திருட்டுப் பதிப்பில் குரல் கொஞ்சம் துள்ளும், அவசரம் இருக்கும். வெளிவந்த ஆல்பத்தில் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தவன் பேசுவது போல ஒரு தொனி. நாம் கொண்டாடும் அந்த அலட்சியக் குரல் பாதி திருடன் புண்ணியம். அமெரிக்காவின் 200 ஆல்ப விற்பனைப் பட்டியலில் அது வெளிவந்தபோது தொட்ட உச்சம் 179-ஆவது இடம். இன்றைக்கு ஹிப் ஹாப்பில் எது சிறந்தது என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் அது இருக்கும்.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். இங்கிலீஷ் ராப்பில் சாதாரணமாக வரியின் கடைசிச் சொல் ஒன்றோடொன்று ஒலிக்கும், அவ்வளவுதான். டூம் வரியின் வாலை மட்டும் கட்டுவதில்லை, உடம்பு முழுக்கக் கட்டுவார். நம் மொழியில் சும்மா ஒன்று போட்டுக் காட்டுகிறேன், சிரிக்காதீர்கள்: 'தெருவோரம் கடைபோட்டான், ஒருவாரம் தடைபோட்டான்.' தெருவுக்கு ஒரு, ஓரத்துக்கு வாரம், கடைக்குத் தடை. இதுபோல அசைக்கு அசை தைத்துக்கொண்டே நாலு வரி, எட்டு வரி போவார், நடுவில் ஒரு சிலேடையைச் சொருகுவார், நீங்கள் சிரித்து முடிப்பதற்குள் மூன்று வரி தாண்டியிருப்பார். அர்த்தம் ஒலிக்காக வளைவதில்லை என்பதுதான் பெரிய ஆச்சரியம். எதுகை மோனையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம், இந்த மனிதரைக் கேட்க நமக்கு அமெரிக்கச் சேரி வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். நான் முதலில் கேட்டபோது பாதி வார்த்தை புரியவில்லை, ஆனால் 29சி பஸ்ஸில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

சரி, குறையும் சொல்ல வேண்டும். 2007 வாக்கில் சில கச்சேரிகளுக்குத் தனக்குப் பதிலாக வேறு ஆளுக்கு முகமூடி மாட்டி அனுப்பினார். வந்த ஆள் வாயசைத்துவிட்டுப் போனான், ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். கேட்டதற்கு, நான் எழுதுகிறவன், இயக்குகிறவன், பாத்திரத்துக்கு யாரை நிறுத்துவது என் முடிவு என்கிற ரீதியில் பதில் சொன்னார். இதில் பெரிய தத்துவம் இருக்கிறது என்று ரசிகர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. மாதக் கடைசியில் காசு சேர்த்து டிக்கெட் வாங்கியவனுக்குத் தத்துவம் எதற்கு? வில்லன் வேஷம் போட்டால் வில்லத்தனத்துக்கு லைசென்ஸா? நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். அடுத்த நாள் வீட்டுக்கு வந்து அதே ஆல்பத்தைப் போட்டிருப்பேன், அது வேறு.

இப்போது லண்டன் விஷயம். சின்ன வயதில் அமெரிக்கா வந்தவர், வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தவர், குடியுரிமை மட்டும் வாங்கவே இல்லை. 2010-ல் ஐரோப்பாவில் கச்சேரி முடித்துத் திரும்பியபோது உள்ளே விடவில்லை. மனைவி பிள்ளைகள் அந்தக் கரையில், இவர் இந்தக் கரையில். பிறந்துவிட்டுப் போன ஊர், அவ்வளவுதான் சம்பந்தம், அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. உலகம் பூராவும் ஜனங்கள் இவர் முகமூடியை டீசர்ட்டில் போட்டுத் திரிந்தார்கள், விமான நிலையத்தில் கேட்டது காகிதம். வெளிநாட்டில் சொந்தக்காரர் உள்ள நம் வீடுகளில் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

2017 டிசம்பரில் 14 வயது மகன் இறந்தான். 2020 அக்டோபர் 31-ஆம் தேதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இவரும் போய்விட்டார், 49 வயது. ரத்த அழுத்தத்துக்குப் புதிதாகக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தொண்டையும் நாக்கும் வீங்கியதுதான் காரணம் என்று 2023-ல் நடந்த விசாரணையில் வெளிவந்தது, மருத்துவமனைத் தரப்பு மன்னிப்புக் கேட்டது. இறந்து இரண்டு மாதம் யாருக்கும் தெரியாது. டிசம்பர் 31 அன்று மனைவி அறிவித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த ராத்திரி எங்கள் தெருவில் புத்தாண்டுக்குப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது, நான் மொட்டை மாடியில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி யார் இறந்தது என்று கேட்டாள். யாரென்று சொல்வது? முகம்கூடச் சரியாகத் தெரியாத ஆள்.

இதையெல்லாம் தொகுத்து நேற்று அக்கா மகனுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினேன், பதினோரு நிமிடம். 'மேட்வில்லனி'யை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்கச் சொன்னேன், பிடித்த எட்டு வரியை நோட்டில் எழுதி எது எதோடு ஒலிக்கிறது என்று கோடு போடச் சொன்னேன். இரண்டு நீல டிக் வந்தது. பதில் இல்லை.

இன்று மத்தியானம் அக்காவே கூப்பிட்டாள். "இவன் பேர்ல பார்சல் வந்துச்சுடா, கேஷ் ஆன் டெலிவரி, 649 ரூபா நான்தான் குடுத்தேன். பிரிச்சா இரும்புச் சட்டிக்குக் கண்ணு ஓட்டை போட்டாப்ல என்னமோ இருக்கு. இவன் ராத்திரியெல்லாம் தூங்காம நோட்டுல கலர் கலரா கோடு போட்டுட்டுக் கெடக்குறான். நீ என்னதான்டா சொல்லி வெச்ச அவன்கிட்ட?"