திருத்தம்: சுற்றுலா விசாவில் போய் ஜெர்மனியில் ஆவுஸ்பில்டுங் (நிறுவனத்தில் வேலையும் தொழிற்பள்ளியில் பாடமும் சேர்ந்த தொழிற்பயிற்சி) சேர முடியாது

"ஷெங்கன் சுற்றுலா விசாவில் ஜெர்மனி போங்க, எலக்ட்ரீஷியன், பிளம்பர் பயிற்சி இடம் கிடைச்சதும் அங்கேயே விசாவை மாத்திக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. இதை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். இந்தியர்கள் ஊர் திரும்பி, தேசிய விசாவுக்கு (நீண்ட நாள் தங்குவதற்கான ஜெர்மன் விசா) புதிதாக விண்ணப்பித்துத்தான் சேர முடியும்.

முறையான வழி இரண்டு. ஒன்று, இங்கிருந்தே பயிற்சி தரும் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, வீடியோ நேர்காணல் முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு பயிற்சி விசா கேட்பது. இதுதான் பாதுகாப்பானது.

மற்றொன்று, பயிற்சி இடம் தேடுவதற்கென்றே உள்ள விசா. வயது 35-க்குள், ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) சான்றிதழ், செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் வேண்டும். பள்ளிச் சான்றிதழ் கல்லூரியில் சேரத் தகுதி தருவதாக இருக்க வேண்டும், அதாவது நம்மூர் பிளஸ் டூ. பத்தாவது முடித்து ஐடிஐ மட்டும் படித்தவர்கள் பலருக்கு இந்த இடத்தில்தான் சிக்கல். 2024 மார்ச் முதல் இந்த விசா 9 மாதம் வரை கிடைக்கும். வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் செய்யலாம்.

பயிற்சி பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். பி1 தேர்வு, விசா சந்திப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு வருடம் முன்பே தயாரிப்பில் இறங்க வேண்டும். எலக்ட்ரீஷியன் பயிற்சி மூன்றரை வருடம், தொழிற்பள்ளிப் பாடம் முழுக்க ஜெர்மனில். பி1 வெறும் நுழைவுச்சீட்டு. வகுப்பில் தாக்குப்பிடிக்க அதற்கு அடுத்த நிலையான பி2 வேண்டும்.

ஏஜென்ட் ஒப்பந்தம் காட்டினால், பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்துக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.